இருபத்தைந்தாவது பொன்னாடை

அமுதவள்ளி பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் ஒன்பது வருஷமாகப் புரோகிராம் எழுதுகிறவள். அங்கே அவளுக்கு நல்ல பேர். ஆனால் அவள் வீடு இருக்கும் கிள்ளான் தாமான் குடியிருப்பில் அவள் வேலை இன்னதென்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பிரிண்டர் மக்கர் செய்தாலும், கைப்பேசியில் எழுத்து திடீரென்று சின்னதாகிப் போனாலும், "அமுதாவைக் கூப்பிடு லா, கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை" என்பார்கள். அவ்வளவுதான் மரியாதை.

தாமான் நலச் சங்கத் தலைவர் தம்புசாமியும் அப்படித்தான் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டு விழா. இருபத்து நான்கு பேருக்குப் பொன்னாடை. போன வருஷம் அறிவிப்பாளர் ரோகிணி ஒருவருடைய பேரை வாசிக்க மறந்துவிட்டாள். அவர் குடும்பமே மூன்று மாதம் அவள் முகத்தில் விழிக்கவில்லை. அதனால் இந்த வருஷம் பேரைக் கம்ப்யூட்டரே கூப்பிட வேண்டும் என்பது தலைவரின் யோசனை. பெரிய திரையில் படம், ஒலிபெருக்கியில் குரல், யாருக்குப் போர்த்துவது, யார் போர்த்துவது, எல்லாம் அதுவே சொல்லிவிட வேண்டும். மெஷின்மேல் யார் கோபித்துக்கொள்வது?

போர்த்துகிறவர்கள் பன்னிரண்டு பேர். தம்புசாமி, சிறப்பு விருந்தினராக வரும், டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர், மிச்சம் பத்துப் பேர் சங்கத்துச் செயற்குழு. முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் போர்த்த வேண்டும். ரோகிணி பள்ளித் தோழி என்பதால் அமுதவள்ளி ஒப்புக்கொண்டாள். வியாழக்கிழமை ஒரு மணி நேரத்தில் எழுதியும் முடித்தாள்.

வெள்ளிக்கிழமை தம்புசாமி வரிசையை மாற்றினார். அன்று மாலையே மறுபடி மாற்றினார். சனிக்கிழமை காலை அவள் பாசாரில் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அமுதா, ஒரு சின்ன விஷயம். போர்த்துறவங்களும் பெரிய மனுஷங்கதானே? வெறுங்கையோட அனுப்பினா நல்லாவா இருக்கும்? ஒவ்வொருத்தரும் போர்த்தி முடிச்சதும் அவர் பேரை லிஸ்ட்டு கடைசியில சேத்துடு. அவருக்கும் ஒண்ணு போர்த்திடலாம்."

"அங்கிள், லிஸ்ட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போது அதுலயே ஆளைச் சேர்த்துக்கிட்டே போனா முடியாது அங்கிள்."

"எதைக் கேட்டாலும் முடியாதுன்னா எப்படி? ஒரு பட்டன் தட்டுற வேலை. இதுக்குப் போயி!" வைத்துவிட்டார்.

அவள் சொன்ன 'முடியாது' வேறு, அவர் காதில் விழுந்த 'முடியாது' வேறு. முடிவுக்கே வராது என்றுதான் அவள் சொன்னாள். பட்டியலை வரிசையாகச் சுற்றிவரும் வேலையைப் புரோகிராமில் இட்டரேட்டர் என்ற ஒன்று பார்த்துக்கொள்கிறது. அதற்குத் தெரிந்தது இரண்டே கேள்விதான். இன்னும் யாராவது இருக்கிறார்களா? இருந்தால், அடுத்தவர் யார்? ஆள் இல்லை என்ற பதில் கிடைக்கிறவரை அது கேட்டுக்கொண்டே போகும். இங்கேயோ ஒருவர் பொன்னாடை வாங்கி இறங்கினால், போர்த்திய ஒருவர் வரிசையின் வாலில் ஒட்டிக்கொள்கிறார். வரிசையில் ஒரு தலைகூடக் குறையாது.

இதற்கு மருந்தும் அவளுக்குத் தெரியும். முதலில் பட்டியலைப் பிரதி எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியின் மேல் ஓடவிட்டால் போதும். புதிதாகச் சேர்கிறவர்களைத் தனியாகக் குறித்துவைத்து, கடைசியில் ஆளுக்கு ஒன்று போர்த்தி அனுப்பலாம். வீட்டுக்கு வந்து மீனைக் கழுவி வைத்துவிட்டு அப்படியே எழுதவும் செய்தாள். எழுதியதைப் பார்த்தாள். 'ஒரு பட்டன் தட்டுற வேலை' என்ற குரல் காதில் கேட்டது. ஒரு பட்டனைத் தட்டி அத்தனையையும் அழித்தாள். தலைவர் வாய்விட்டு என்ன சொன்னாரோ, அதை மட்டும் எழுத்துப் பிசகாமல் எழுதினாள். அன்றைக்கு மீன் குழம்பு வழக்கத்தைவிட ருசியாக இருந்தது.

ஞாயிறு பதினொரு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. கம்ப்யூட்டரின் பெண்குரல் ஏற்ற இறக்கமே இல்லாமல், ஆனால் பிழையில்லாமல் பேரைக் கூப்பிட்டது. பள்ளிக்கூடத்தை முப்பத்தொரு வருஷம் கூட்டிப் பெருக்கிய வீரம்மா முதல் ஆளாக மேடையேறினார். தம்புசாமி போர்த்தினார், கைதட்டல் கூரையைத் தொட்டது. பிறகு ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். மேடை ஓரத்தில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்த அமுதவள்ளியிடம் ரோகிணி குனிந்து, "உனக்குக் கோயில் கட்டணும்டி" என்றாள். அமுதவள்ளி சிரிப்பை உதட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

இருபத்து நான்கும் முடிந்தது. பெண்கள் கைப்பையை எடுத்தார்கள். பின்பக்கம் சமையல்காரர் நாகையா கோழிப் பெரட்டல் சட்டியைத் திறந்தார். மணம் மண்டபத்துக்குள் வந்தது. அப்போது குரல் சொன்னது:

"அடுத்து, பொன்னாடை பெறுபவர், திரு தம்புசாமி. அணிவிப்பவர், திரு தம்புசாமி."

அமுதவள்ளி திடுக்கிட்டாள். இது அவள் நினைக்காதது. பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றிப் போர்த்திக்கொண்டு திண்டாடுவார்கள் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள். இருபத்து நான்கு என்பது பன்னிரண்டின் சரியாக இரண்டு சுற்று என்பது மண்டையில் ஏறவில்லை. போர்த்துகிற முறை தம்புசாமியிடம் திரும்பிவந்த அதே நேரத்தில், பெற்றுக்கொள்கிற முறையும் அவரிடம் வந்து நின்றுவிட்டது. அவருக்குப் பின்னால் மற்றவர்களுக்கும் அதே கதிதான்.

தம்புசாமி இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். வாழ்க்கையில் எந்தப் பொன்னாடையையும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் அவர். தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார், உதறினார், குளித்துவிட்டு வந்தவர் துண்டு போர்த்துவதுபோல் முதுகைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். போர்த்தியவருக்கு நன்றி சொல்லும் பழக்கத்தில் கை தானாகக் குவிந்தது. எதிரே ஆள் இல்லை. திரும்பி, திரையில் சிரித்துக்கொண்டிருந்த தன் படத்தையே கும்பிட்டார்.

மண்டபம் அதிர்ந்தது. விசில்கூடப் பறந்தது. அடுத்து டத்தோ. தலைவரே செய்துவிட்ட பிறகு மறுத்தால் தலைவரை அவமதித்த மாதிரி ஆகிவிடுமே! அவரும் எழுந்து தனக்குத் தானே போர்த்திக்கொண்டார். செயலாளர் வேலாயுதம், அவருக்குப் பின் மற்றவர்கள். பன்னிரண்டு பேரும் முடித்து உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள், "அடுத்து, பொன்னாடை பெறுபவர், திரு தம்புசாமி" என்றது குரல்.

வாங்கி வைத்திருந்தது நாற்பது பொன்னாடை. அது தீர்ந்ததும், முறை வந்தவர் தன் தோளில் கிடந்ததை எடுத்து, உதறி, மறுபடி போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. டத்தோ கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு ஒரு மணிக்கு ரவாங்கில் இன்னொரு விழா.

"நிறுத்துடி!" என்று பல்லைக் கடித்தாள் ரோகிணி.

அமுதவள்ளிக்கும் சிரிப்பு அடங்கிப் போயிருந்தது. டத்தோவின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நிறுத்தக் கையை நீட்டினாள். மேடையிலிருந்து பொருளாளர் லட்சுமணன் எட்டிப் பார்த்தார். அவர் எட்டாவது ஆள். அடுத்த முறை அவருடையது.

"என்னாம்மா, எல்லாரும் ரெண்டு போட்டாச்சு. என் முறை வரும்போதா நிறுத்துற?"

கை பின்வாங்கியது. அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் அவளையே பார்த்தார்கள். இந்தச் சுற்று முடிகிற அந்த ஒரே நொடியில் நிறுத்தினால்தான் யாருக்கும் மனக்குறை இருக்காது. அவள் விரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டாவது ஆள் தோளை மூடியதும் தட்டினாள்.

திரை நீலமானது. தம்புசாமி அதற்குள் எழுந்து, பொன்னாடையை இரு கையாலும் விரித்துப் பிடித்து, தன் பேருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை. கையைத் தாழ்த்தினார். மண்டபத்தைப் பார்த்தார். முக்கால்வாசி நாற்காலிகள் காலி; எல்லாரும் நாகையாவின் முன்னால் தட்டோடு நின்றார்கள்.

அமுதவள்ளியும் தட்டை வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தாள். முதல் கவளம் வாய்க்குப் போகும் முன் தம்புசாமி எதிரே வந்து நின்றார். திட்டு விழப்போகிறது என்று நினைத்து அவளே முந்திக்கொண்டாள்.

"அங்கிள், முடியாமப் போகும்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன். சாரி அங்கிள்."

"அது இருக்கட்டும்," என்றார் அவர். யாரோ அவர் வெற்றிலையில் சுண்ணாம்பைக் குறைத்துவிட்ட மாதிரிதான் முகம் இருந்தது. "நானே போர்த்திக்கிட்ட போட்டோவுல கை ரெண்டும் கோணலா விழுந்திருக்கு. அதை வெட்டி எடுக்க முடியுமா?"

"முடியும் அங்கிள்."

"நல்லது." போகத் திரும்பியவர் நின்றார். "ஆமா, இவ்வளவும் செஞ்ச உனக்கு யாரும் போர்த்தலியே! உன் பேரு லிஸ்ட்டுல இல்லியா?"

"வேணாம் அங்கிள், ப்ளீஸ்."

அவர் காதில் வாங்கவில்லை. தன் தோளில் இருந்ததை எடுத்து அவள்மேல் போர்த்தினார். வியர்வையும் பவுடரும் கலந்த வாசனை. தலைவர் போர்த்தியதைப் பார்த்துவிட்டு டத்தோ வந்தார். ரவாங் போகும் அவசரத்திலும் அவர் விடவில்லை. வேலாயுதம் வந்தார், லட்சுமணன் வந்தார். பன்னிரண்டு பேரும் வரிசை பிசகாமல் வந்து போர்த்தினார்கள். வெயில் நேரத்துக் கிள்ளானில், ஜரிகைக் குவியலுக்குள் அவள் கண் மட்டும் தெரிந்தது. ரோகிணி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து நாற்காலியில் வீரம்மா எலும்பைக் கடித்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல லா, எண்ணிட்டேன், தீந்துபோச்சு" என்று ஆறுதல் சொன்னார்.

நாகையா கரண்டியோடு வந்து குவியலைச் சுற்றிப் பார்த்தார்.

"தங்கச்சி, கை எங்கே இருக்கு? தட்டை வெளிய நீட்டு, கோழி வைக்கணும்."