கப்பி கட்டும் பெல்ட்

மரம் வெட்டும் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மரத்தில் ஏறுகிறவர்தான் கடைக்குப் போய்க் கயிறு, கப்பி, பெல்ட் எல்லாம் பார்த்து எடுப்பார். கீழே நிற்கிறவன் எடுக்கக் கூடாது. அவன் உயிரா மேலே தொங்குகிறது?

ஏறுகிறவர் என் அக்கா புருஷன். கீழே நின்று கயிற்றைப் பிடிக்கிறவன் நான். ஏழு மாதத்துக்கு முன்னால், ஒரு பெரிய வேலைக்கு முந்தைய நாள், மச்சானுக்குக் காய்ச்சல். "நான் எடுத்துட்டு வரேன் மச்சான், இதென்ன பிரம்ம வித்தையா?" என்று சவடால் அடித்துவிட்டுப் போனேன்.

மரத்தின் மேல்துண்டைக் கயிற்றில் கட்டி அறுத்துத் தள்ளினால், அதன் பாரம் கயிற்றில் விழும். அந்தக் கயிறு ஓடும் கப்பியை மரத்தோடு சேர்த்துப் பிடிப்பது பெல்ட். துண்டு முந்நூறு கிலோ. பெல்ட்டில் தைத்த சீட்டில் இரண்டாயிரம் கிலோ என்று இருந்தது. தாராளம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாயிரம் என்பது தாங்கும் எடையல்ல, அறுந்துபோகும் எடை. நான் கேட்கவில்லை. விழுகிற துண்டு வெடுக்கென்று இழுக்கும்போது முந்நூறு பல மடங்காகும் என்று மச்சான் ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். என் மரமண்டையில் ஏறவில்லை.

மறுநாள் மச்சான் ஏறித் துண்டை அறுத்துத் தள்ளியதும் பெல்ட் அறுந்தது. துண்டோடு பாய்ந்த கயிறு மச்சானின் வலது காலைச் சுற்றிக்கொண்டது. இப்போது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை முதல் நான்தான் ஏற வேண்டும். வேறு ஆள் இல்லை, வேறு பிழைப்பும் இல்லை. நேற்று கடைக்குக் கிளம்பியபோது அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நின்றாள்.

"நானும் வரேன்."

"ஏறுறவன்தான்க்கா எடுக்கணும்."

"கிழிச்ச. நட."

கடையில் அவள் ஒரு பெல்ட்டை எடுத்து, தையலை நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"இந்தச் சீட்டுல இருக்குற பத்தாயிரம் தாங்குற எடையா, அறுந்து போற எடையா?" என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

"அறுந்து போற எடைம்மா."

"துண்டு முந்நூறு கிலோ. நின்ன எடத்துல தொங்காது, விழும். தாங்குமா?"

அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே போய் அதைவிடத் தடித்த ஒன்றைக் கொண்டுவந்தார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு இதையெல்லாம் கேட்டியாடா?"

"இல்லக்கா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

வீட்டில் மச்சான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். புதுப் பெல்ட்டை மடியில் போட்டு, ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை விரலால் தடவினார். சீட்டைப் படித்தார். திருப்பிப் போட்டு மறுபடியும் தடவினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அன்னிக்கும் இப்படி ஒரு தடவை பார்த்திருக்கலாமே மச்சான்" என்று கேட்டுவிட்டேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை.

"நீ எடுத்துட்டு வந்தது மாப்ள. அதுல பார்க்க என்ன இருக்குன்னு நெனச்சேன்."