ஆவித்தொட்டியைக் கழற்றாத கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்றது, எடுத்துக்கொண்டேன். ஜப்பானின் மாயெபாஷி ஊருக்கு வந்து பதினேழு வருடமாகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என் சின்னக் காரை நானே ஓட்டிப் போய், அரசாங்கச் சோதனைக் கூடத்தில் காட்டி முத்திரை வாங்கிவருவேன். போன ஜனவரியில் அப்படிப் போனபோது எனக்கு முன்னால் ஒரு பழைய நீல டர்போ கார், முன்மூடி திறந்தபடி நின்றது. அதிகாரி உள்ளே கையைக் காட்டி ஏதோ சொன்னார். கார்க்காரி, "கழட்டமாட்டேன்" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மறுக்கும் இந்த ஊரில், மன்னிப்பை விட்டுவிட்டு மறுத்தாள். எனக்குப் பின்னால் இருந்த லாரிக்காரர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"அகாகி மலையிலிருந்து இறங்கிய வறண்ட காற்று, சிஸூருவின் கழுத்துத் துண்டை" — வேண்டாம். காற்றில் தொடங்கும் கதைகள் எனக்கே அலுத்துவிட்டன.

"கணவன் இறந்த மூன்றாவது குளிர்காலத்தில், அவன் விட்டுப்போன நீலக் காரை" — இதுவும் வேண்டாம். இதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். அவளுக்குக் கணவன் இருந்ததே இல்லை. ஒரு பெண் பிடிவாதமாக நின்றால் அதற்குப் பின்னால் ஒரு சாவை வைத்தால்தான் வாசகர் மன்னிப்பார் என்று என் கை தானாகவே நினைத்திருக்கிறது. கார் அவளுடையது. அவள் வாங்கினாள், அவள் ஓட்டுகிறாள்.

"சிஸூருவுக்கு நாற்பத்து மூன்று வயது. இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஒரு பட்டறை வைத்திருக்கிறாள். எஞ்சின் விடும் எண்ணெய் ஆவியை எஞ்சினே மறுபடி குடிக்கக் கூடாது என்பதில் அவளுக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது." இது இருக்கட்டும்.

[சிஸூரு என்பது நான் வைத்த பெயர். அன்று கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். பார்க்காததை அவள் பிறகு பட்டறையில் சொன்னாள்.]

3

இந்தப் பகுதியை எடுத்துவிடு என்கிறார் சிற்றிதழ் நடத்தும் என் நண்பர். "எண்ணெய் ஆவியைப் பத்தி எவன்யா படிப்பான்? அந்தப் பொம்பளைய வை, அந்த டப்பாவக் கழட்டிரு," என்றார் தொலைபேசியில். நான் கழற்றப்போவதில்லை. வேண்டுமென்றால் அவர் இதழைப் பூட்டிக்கொள்ளட்டும்.

விஷயம் எளிது. எஞ்சினுக்குள் வெடிக்கும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாகக் கசிந்து, கீழே எண்ணெய் இருக்கும் இடத்துக்கு வந்துவிடும். டர்போ என்றால் அழுத்தம் அதிகம், கசிவும் அதிகம். அது வெளியேற வேண்டும். வெளியேறும்போது எண்ணெயையும் ஆவியாக இழுத்துக்கொண்டு வரும். அதை ஊர்க் காற்றில் விடாதே, எஞ்சின் காற்று இழுக்கும் குழாய்க்கே திருப்பு என்பது சட்டம். அப்படியே திருப்பினால் குழாயெல்லாம் பிசுக்கு ஏறும், பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடிக்கும், ஒருநாள் பிஸ்டன் உடையும். அதனால் நடுவில் ஒரு தொட்டி வைப்பார்கள். ஆவி ஒரு குழாய் வழியே உள்ளே வரும், எண்ணெய் அடியில் தங்கிவிடும், காற்று மட்டும் இன்னொரு குழாய் வழியே எஞ்சினுக்குத் திரும்பும். திரும்பும் குழாய் மாட்டியிருந்தால் சட்டத்துக்கு உட்பட்டது. அதைக் கழற்றி வெளியே திறந்துவிட்டால் குற்றம்.

[சிஸூரு தன் தொட்டியை அலுமினியத்தில் தானே பற்றவைத்துச் செய்தாள். ஆவி முட்டி எண்ணெய் சொட்டுவதற்காக உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பிநார் உருண்டை ஒன்றை அடைத்திருக்கிறாள். குளிர்காலத்தில் வடித்தால் பால் காப்பி நிறத்தில் ஏதோ வரும். எனக்கும் ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துக் காட்டினாள். நாற்றம் இரண்டு நாள் போகவில்லை.]

4

சட்டத்துக்கு உட்பட்டதுதானே, பிறகு என்ன தகராறு என்று கேட்பீர்கள். இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. சோதனைக்கு முன் காரில் சேர்த்ததையெல்லாம் கழற்றி, கம்பெனியில் வந்தபடி ஆக்கிக் காட்டுவார்கள். முத்திரை விழுந்ததும் கூடத்துக்கு வெளியிலேயே எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொள்வார்கள். அனுமதி உள்ளதைக்கூடக் கழற்றுவார்கள். அதிகாரிக்கு எதற்குச் சிரமம், நமக்கு எதற்குக் கேள்வி என்ற நல்லெண்ணம்தான். இப்படி ஒளித்து வைப்பதற்கு இவ்வளவு மரியாதையான ஒரு காரணத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இரண்டு வருடம் முன்பு அந்த நல்லெண்ணத்தைச் செய்தவன் சிஸூருவின் தம்பி தெப்பேய். அக்காவின் நீலக் காரை அன்று அவன்தான் கொண்டுபோனான். தொட்டியைக் கழற்றினான். தூசு போகாமல் இருக்க அதன் குழாயில் ஒரு ரப்பர் அடைப்பானைச் செருகினான். சோதனையில் தேறினான். வெளியே வந்து தொட்டியை மாட்டினான். அடைப்பானை எடுக்க மறந்தான். பாதி வழியில், போக வழியில்லாத அழுத்தம் எஞ்சினின் பின்பக்கம் எண்ணெயை அடைத்து நிற்கும் ஸீலைப் பிதுக்கித் தள்ளியது. எண்ணெய் முழுவதும் சாலையில் கொட்டி எஞ்சின் இறுகிப்போனது. முத்திரைத்தாள் மட்டும் அழகாக இருந்தது.

அந்த வகை எஞ்சின் இப்போது புதிதாகக் கிடையாது. உடைந்துபோன வேறொரு காரிலிருந்து எடுத்து, ஒன்றரை வருடம் உட்கார்ந்து இதைக் கட்டினாள். இனி ஒளிக்க மாட்டேன் என்று முடிவெடுத்தாள். அத்தோடு நிறுத்தவில்லை. தன்னிடம் தொட்டி பொருத்திக்கொண்ட பதினொரு பேருக்கும், "என் கார் அப்படியே போய் அப்படியே தேறும், பாருங்க. அப்புறம் நீங்களும் கழட்டாதீங்க," என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். ஒருநாளில் மூன்று முறைதான் காரை உள்ளே விடலாம். முத்திரைக் காலம் அன்றோடு முடிகிறது. தேறாவிட்டால் கார் லாரி மேல்தான் வீட்டுக்குப் போகும், அவள் வாக்கும் அதோடு போகும்.

5

சோதனை அதிகாரி நுகுயியை வில்லனாக்கப் பார்த்தேன். மீசை கொடுத்தேன், எடுத்துவிட்டேன். உண்மையில் அவர் பொறுமைசாலி. முதல் முறை அவர் சொன்னது இவ்வளவுதான்: திரும்பும் குழாய் ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் போய் மறைகிறது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை, பார்க்க முடியாததைத் தேற்ற முடியாது. தொட்டியைக் கழற்றிவிட்டால் கேள்வியே இல்லை என்றும் சேர்த்தார். அதற்குத்தான் அந்தப் பதில்.

அவள் வெளியே போய் மூடியைக் கழற்றி வீசினாள். குழாய் முழுக்க வெள்ளை டேப் சுற்றி இரண்டாம் முறை வந்தாள். நுகுயி குழாயைக் கடைசிவரை கண்ணால் தொடர்ந்தார், தலையாட்டினார். பிறகு தொட்டியைப் பிடித்து ஆட்டினார். ஆடியது. இரண்டு பிளாஸ்டிக் பட்டையில்தான் அதைக் கட்டியிருந்தாள்.

இங்கே எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. எண்ணெய் ஆவிக்காக உலகத்தையே எதிர்ப்பவள் இரண்டு போல்ட் போட மாட்டாளா? "சரியாப் போச்சு" என்று எழுதத் தொடங்கினேன், அந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை. அவளிடமே கேட்டேன். எஞ்சினை இறக்கி ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று கட்டினாளாம், அப்படியே விட்டுவிட்டாளாம். "அவர் சொன்னது சரி. அது என் சோம்பேறித்தனம். தொட்டியோட தப்பு இல்ல," என்றாள்.

6

வண்டிகள் நிறுத்தும் இடத்தில் தெப்பேய் வந்து நின்றான். அவன் வேனில் வந்திருந்தான், கையில் தொட்டி இல்லாமல் மாட்டும் பழைய கம்பெனிக் குழாய். நான் அதற்குள் என் முத்திரையை வாங்கிவிட்டிருந்தேன். ஆனாலும் போகவில்லை. கேட்டால் காற்றுக்கு ஒதுங்கினேன் என்று சொல்லலாம் என நினைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை.

"அக்கா, பத்து நிமிஷ வேலைக்கா. இத மாட்டு, முத்திர வாங்கு, வெளிய வந்து உன் டப்பாவ மாட்டிக்க. நாலு மணிக்கு மூடிருவாங்க."

"போன தடவையும் பத்து நிமிஷம்தான் ஆச்சு உனக்கு."

அவன் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடமாக அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லையாம். சொல்லியிருந்தால் தேவலாம் என்று அவன் நினைத்த நாட்கள் உண்டாம். [இதை எனக்கு அவன் சொன்னான். அவளுக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.]

"உன் வேன்ல சாமான் வைக்கிற தட்டு இருக்குல்ல," என்றாள். "அதுல ரெண்டு இரும்புத் தாங்கி இருக்கு. கழட்டிக் குடு."

"வெச்ச சாமானெல்லாம் எங்க வைக்கிறது?"

"தரையில வை."

முனகிக்கொண்டே கழற்றினான். அவள் காரின் உட்சுவரில் இருந்த ஓட்டைகளுக்குச் சரியாகத் தாங்கியை வளைத்து, நான்கு போல்ட் போட்டு முறுக்கினாள். மணி மூன்று இருபத்தைந்து. முன்மூடியைச் சாத்தப்போனபோது தெப்பேய் கையை நீட்டித் தடுத்தான். தொட்டியின் இரண்டு குழாய்களையும் தானே கழற்றினான். ஒவ்வொன்றிலும் வாயை வைத்து ஊதினான். காற்று மறுமுனையில் வந்தது. விரலை வைத்துப் பார்த்து, மறுபடி ஊதி, பிறகுதான் மாட்டினான். உதடெல்லாம் கறுப்பு எண்ணெய். துடைத்துக்கொள்ளாமலே, "போக்கா," என்றான்.

அவள் கண் கலங்கியது. நான் இந்த வரியை அடித்துவிடப்போவதில்லை, காற்றால் என்றும் சொல்லப்போவதில்லை.

7

மூன்றாம் முறை. இப்போது என்னிடம் முடிவுகள் கேட்பார்கள். கையில் இரண்டு இருக்கின்றன.

ஒன்று: நுகுயி முத்திரை குத்துகிறார். அடுத்த வாரமே பதினொரு பேரும் தொட்டியோடு வரிசையில் நிற்கிறார்கள். நண்பர் இதை உடனே அச்சுக்கு அனுப்புவார்.

இரண்டு: தேறவில்லை. நீலக் கார் லாரியில் ஏறுகிறது, தெப்பேய் கயிறு கட்டுகிறான். இதையும் அனுப்புவார், சோகம் என்றால் அவருக்கு இன்னும் பிடிக்கும்.

நடந்தது எது என்று எனக்குத் தெரியும், அங்கேயே நின்றேன். சொல்ல மாட்டேன். தேறினாள் என்றால் பிடிவாதம் ஜெயித்தது என்பீர்கள். தேறவில்லை என்றால் தம்பி பேச்சைக் கேட்டிருக்கலாம் என்பீர்கள். இரண்டு பக்கமும் முத்திரையைத்தான் பார்ப்பீர்கள். போன முறை அந்த எஞ்சினைக் கொன்றதே அந்தப் பார்வைதான்.

ஆகவே மூன்று ஐம்பதில் நிறுத்துகிறேன். மூடி திறந்திருக்கிறது. நுகுயி தொட்டியைப் பிடித்து ஆட்டுகிறார், அது அசையவில்லை. அவர் ஏதோ கேட்க வாயெடுக்கிறார். அவள் தன் டார்ச்சை அவரிடம் நீட்டி, "நீங்களே பாருங்க," என்கிறாள்.

அவர் இன்னும் வாங்கவில்லை. நீங்கள் வாங்குங்கள். ஒரு குழாய் எஞ்சினிலிருந்து வருகிறது, ஒன்று எஞ்சினுக்குத் திரும்புகிறது, எதற்கு என்று உங்களுக்கு இப்போது தெரியும். குனிந்து, கடைசிவரை பாருங்கள். பார்த்த பிறகும் கழற்றச் சொல்வதாக இருந்தால், என்னிடம் சொல்லாதீர்கள். பக்கத்தில்தான் நிற்கிறாள், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.