இடைவெளியில் கேட்டவை

பதினொன்று... சரியாகப் பதினொரு வினாடி, இன்றைக்கும் மாறவில்லை, ஒரு சிடி முடிந்து தட்டு சுற்றி அடுத்த சிடி உட்கார்ந்து முதல் சத்தம் வருவதற்கு, ஸ்டாப்வாட்சை நிறுத்திவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன், இந்த விலைக்கு இதைவிட வேகமாக மாற்றும் பிளேயர் கிடைக்குமா என்றால் கிடைக்காது, ஆனால் ஒரு மனிதன் பொறுமை இழக்கப் பதினொரு வினாடி தாராளம் என்று எழுதலாமா, எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார், அவருக்கு வேண்டியது வாங்கலாமா வேண்டாமா என்ற ஒரே வரி, அதுவும் ஐந்து மணிக்குள். நாலு மணிக்கு மாப்பிள்ளை வருகிறார். இப்போது மணி மூன்று. அவர் வருவது மனைவிக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது, நேற்று நான்தான் போன் பண்ணி, வந்து கூட்டிக்கொண்டு போங்கள், மனஸ்தாபம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான் என்று பெரிய மனுஷன் மாதிரி பேசினேன், அவரும் சரி மாமா என்றார், என்ன மரியாதையான குரல், அந்தக் குரலுக்கே பத்துக்கு ஒன்பது போடலாம்.

மார்க் போடுவதுதான் என் பிழைப்பு. மிக்சி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுட வைக்கிற பாத்திரம், எதுவானாலும் ஒரு மாதம் வீட்டில் வைத்துப் பழகிப் பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டேன், கடையில் நின்று தடவிப் பார்த்துவிட்டு எழுதுகிற கூட்டம் வேறு, என்னையும் இப்படித்தான் மாசக்கணக்கில் சோதிச்சீங்களா என்று மனைவி கேட்பாள், நான் சிரிக்க மாட்டேன், தொழிலில் எனக்கு விளையாட்டுக் கிடையாது. இந்த ஐந்து சிடி பிளேயரைப் பற்றிக் குறையும் எழுதியிருக்கிறேன் நிறையும் எழுதியிருக்கிறேன், ஒன்று பாடிக்கொண்டிருக்கும்போதே மற்ற நாலையும் மாற்றலாம், நல்ல வசதி, மூன்றாவது குழியில் வைத்த சிடியைச் சில நேரம் தெரியாத ஆளைப் போல் திருப்பி அனுப்பிவிடுகிறது, ரிமோட்டின் பொத்தான்கள் எறும்புக்குச் செய்தவை, காலையில் ஐந்தை அடுக்கிவிட்டால் மத்தியானம் வரை யாரும் பக்கத்தில் போக வேண்டாம், விலையைப் பார்த்தால் இது பெரிய விஷயம். மகள்கூட வந்த புதிதில், நல்லா இருக்குப்பா, ஓடிக்கிட்டே இருக்கட்டும் என்றாள். பிளேயர் வந்த மூன்றாம் நாள் வந்தவள், ஒரே ஒரு பையோடு, நாலு நாளைக்கு என்று... அது ஒரு மாதம் ஆகிவிட்டது. என்னம்மா விஷயம் என்று ஒரு தடவை கேட்டேன், ஒண்ணுமில்லப்பா என்றாள், ஒன்றுமில்லை என்றால் கிளம்ப வேண்டியதுதானே, அதைத்தானே நானும் நினைத்தேன், அதில் என்ன தப்பு.

சரி, கட்டுரை. மோட்டார் சத்தம் பற்றி ஒரு பத்தி பாக்கி. இதற்கு என்னிடம் கருவி எதுவும் இல்லை, ஒரு வழக்கம் இருக்கிறது, பாட்டு நிற்கிற அந்தப் பதினொரு வினாடியில் வேறு என்ன சத்தமெல்லாம் காதில் விழுகிறது என்று எழுதிக்கொண்டே வருவேன், பக்கத்து அறைச் சத்தம் தெளிவாகக் கேட்டால் மோட்டார் அடக்கமானது, கேட்காவிட்டால் மோட்டார் அதை விழுங்குகிறது, சின்ன விஷயம், ஆனால் வேறு யாருக்கும் தோன்றாது. இடைவெளியில் கேட்டவை என்று தலைப்புப் போட்டு நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். குழாய் சொட்டுவது. தெருவில் சைக்கிள் மணி. சமையலறையில் மனைவி, ‘வெளியவா பூட்டுவான்?’ தட்டு கழுவும் சத்தம். மின்விசிறி. மகள், ‘சாவி அவர்கிட்ட மட்டும்தான்மா.’ காக்கா. பாத்திர மூடி விழுந்தது...

என்ன எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான், நீல மை, வார்த்தைக்குப் பக்கத்தில் தெளிவு என்று குறிப்பு வேறு, தெளிவு, மிகத் தெளிவு, சுமார். அன்றன்றைக்குக் கேட்டேன், கேட்டது கேட்டபடி எழுதினேன், அடுத்த சிடி ஆரம்பித்ததும் பாட்டின் பக்கம் திரும்பிவிட்டேன், இதுவரை ஒரு நாள்கூட இதை மேலிருந்து கீழாகப் படித்ததில்லை. விரலை வைத்துக்கொண்டு இறங்குகிறேன். ‘ஜன்னல் வழியா பக்கத்து வீட்டுக்காரங்கள கூப்பிட்டேன்.’ மிகத் தெளிவு. ‘ரெண்டு நாளா?’ தெளிவு. மிக்சி. ‘போனையும் அவர் எடுத்துக்கிட்டுப் போயிடுவாரு.’ தெளிவு. குழாய். ‘அப்பாகிட்ட சொல்லாதம்மா, அவர் பாத்த எடம்னு அவருக்கு...’ இதற்குமேல் இல்லை, அங்கே பாட்டு வந்துவிட்டது போலிருக்கிறது, அவருக்கு என்ன, அவருக்கு என்ன என்று சொன்னாள், என் பிளேயர் சரியாக அந்த இடத்தில்தான் பாட வேண்டுமா. நான் பார்த்த இடம், ஆமாம், மாப்பிள்ளையின் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன், மேலதிகாரியிடம் பேசினேன், வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, கனமான வாசல் கதவு, நல்ல பூட்டு, பெண் பத்திரமாக இருப்பாள் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னேன், மகள் தலையை ஆட்டினாள், அதைச் சொன்ன வாய் என் வாய்தான்.

நாலாம் பக்கம் முழுக்க வேறு மாதிரி இருக்கிறது. சத்தமில்லை. சத்தமில்லை. குழாய் மட்டும். சத்தமில்லை. பத்து நாளாக அடுப்படியிலிருந்து ஒரு வார்த்தைகூட இல்லை, ஓரத்தில் நான், இரண்டு பேரும் அங்கேதான் இருந்தார்கள், பேச்சு இல்லை என்று எழுதியிருக்கிறேன்... பாட்டு ஓடும்போது குசுகுசுவென்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறதே, பாட்டு நின்றால் மட்டும் நின்றிருக்கிறது. அப்படியென்றால் அவர்களும் எண்ணியிருக்கிறார்கள். ஸ்டாப்வாட்ச் இல்லாமல், அரிசி களைந்துகொண்டு, துணி மடித்துக்கொண்டு, பதினொரு வினாடி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள், நான் கேட்டுவிடக் கூடாது என்று. ஓடிக்கிட்டே இருக்கட்டும் என்றாளே, பாட்டுக்காகவா சொன்னாள், நான் என்ன அவ்வளவு பொல்லாதவனா, தெரிந்தால் என்ன செய்திருப்பேன்... என்ன செய்திருப்பேன். அனுசரித்துப் போ என்று சொல்லியிருப்பேன். தயங்காமல் சொல்லியிருப்பேன், அது அவளுக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மணி மூன்றரை. மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை, மறுபடியும் போட்டேன், வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், வரச் சொன்னதும் வேலையைப் போட்டுவிட்டு வருகிறார் பாருங்கள் என்று காலையில்கூடப் பெருமைப்பட்டேன், தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. பிளேயரை நிறுத்தினேன். பாட்டு நடுவில் அறுந்ததும் சமையலறைக் குசுகுசுப்பும் அதே நொடியில் அறுந்தது, நான் நகரவில்லை, எண்ணினேன், பதினொன்று, பன்னிரண்டு, இருபது, கரண்டிகூட அசையவில்லை, முப்பதில் மனைவி, என்னங்க, பாட்டு நின்னுடுச்சே, கெட்டுப்போச்சா என்றாள், சாதாரணக் குரலில், அந்தச் சாதாரணத்துக்கு எவ்வளவு பழகியிருக்க வேண்டும். எழுந்து போனேன். இரண்டு பேரும் கீழே உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் உரித்த பட்டாணி. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், ‘மாப்ள வர்றார், நாலு மணிக்கு, நான்தான் வரச் சொன்னேன்’ என்றேன், மூன்றையும் ஒரே மூச்சில்.

மகள் அழவில்லை, கத்தவில்லை, ‘எனக்குத் தெரியாமயா?’ என்று கேட்டாள், அவ்வளவுதான், கேட்டுவிட்டுப் பட்டாணியைக் கிண்ணத்தில் அள்ளிப் போட ஆரம்பித்தாள், பாதி வெளியில் விழுந்தது. எனக்கு எல்லாம் தெரியும்மா, நோட்டுல இருக்கு என்று சொல்ல வந்தேன், கேட்டு எழுதிவைத்துவிட்டு ஒரு மாதம் சும்மா இருந்த அப்பனைப் பற்றி அவள் என்ன நினைப்பாள், அதற்குள் வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம், நாலு ஆகவில்லையே, சீக்கிரமே வந்துவிட்டார், மாமா என்று அதே ஒன்பது மார்க் குரல்.

கால் தானாக ஓடியது. முன் கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாள் போட்டேன், அது போதாதென்று பூட்டில் சாவியைச் செருகி இரண்டு சுற்றுச் சுற்றி உருவி எடுத்தேன், கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டேன், உடம்பெல்லாம் கோபம், யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ‘நான் இருக்கேன், யாரும் உன்ன இங்கேருந்து கூட்டிட்டுப் போக முடியாது’ என்றேன் உரக்க, அவருக்கும் கேட்கட்டும் என்று. வெளியே மணி அடித்தது. மகள் சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தாள், ஓடிவந்து தோளில் சாய்வாள் என்று நினைத்தேனோ என்னவோ, அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, சாவி பிடித்திருந்த கையைப் பார்த்தாள், பார்த்தபடியே ஓர் அடி பின்னால் போனாள். மணி மறுபடி அடித்தது, கை வேர்த்துச் சாவி வழுக்கியது, பூட்டட்டுமா என்று அங்கேயும் அவளை யாரும் கேட்கவில்லை, இங்கே நானும் கேட்கவில்லை.