சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி

அலுவலகத்தில் அவருக்குத் 'திட்டம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். டீ குடிக்கப் போவதற்கே முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று பிரித்து மின்னஞ்சல் அனுப்புகிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வெளிநாட்டுக் கிளைக்கு மாற்றல் வந்ததும், தான் போய் இறங்காவிட்டால் அந்தக் கிளையை இழுத்து மூடிவிடுவார்கள் என்று மனதார நம்பினார். நம்புவதற்குக் காசா, பணமா?

மனைவிக்கு ஒரே நிபந்தனை: தூசியும் வரவேண்டும். தூசி சாம்பல் நிறப் பூனை. மாடிப்படிக்கு அடியில், பழைய சாக்குக்குள் கண் திறக்காமல் கிடந்ததை மை நிரப்பியால் பால் புகட்டிப் பிழைக்க வைத்தவள் அவள்தான்.

"அவ வராம நான் வரமாட்டேங்க" என்றாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள். அதனால் அவருக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

"பூனைதானே? என்கிட்ட விடு. எல்லாம் திட்டம் போட்டாச்சு."

விமானத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கடைசிச் சான்றிதழுக்காகத் தெருமுனைக் கால்நடை மருத்துவரிடம் போனார்கள். வழியனுப்பு விழா அதற்குள் முடிந்திருந்தது. ஏற்புரை என்ற பெயரில் திட்டம் பேசப் பேச, வடை ஆறிக் கல்லானது. பரிசாகப் பெரிய பெட்டி கொடுத்தார்கள். சக்கரம் வைத்தது, ஆள் சீக்கிரம் நகரட்டும் என்றுதானோ என்னவோ.

மருத்துவர் தூசியின் தோள்மேல் கருவியை வைத்தார். 'பீப்' என்றது. தோலுக்கடியில், அடையாள எண் பதித்த அரிசியளவு சிப் பத்திரமாக இருந்தது. பிறகு தடுப்பூசி அட்டையைப் புரட்டியவர் அப்படியே நின்றார்.

"சார், ரேபிஸ் ஊசி இங்க முன்னாடியே போட்டாச்சு. சிப் அதுக்கப்புறம் வெச்சிருக்கு."

"ஆமா, பெரிய ஆஸ்பத்திரியில வெச்சேன். ரெண்டும் ஆச்சே?"

"ஆச்சு சார், ஆனா தலைகீழா ஆச்சு. நீங்க போற நாட்டுல சிப் வெச்ச பிறகு போட்ட ஊசியைத்தான் ஒத்துக்குவாங்க. சிப் இல்லாதப்ப போட்டது இந்தப் பூனைக்குத்தான்னு என்ன சாட்சி?"

"நான் இருக்கேனே சாட்சி!"

"உங்களைத் தோலுக்கடியில வெக்க முடியாதே சார்."

மனைவிக்கு முகம் வாடிவிட்டது. "ஏன் டாக்டர், ஊசி போட்ட அன்னைக்கே சொல்லக்கூடாதா?"

"கேட்டேனேம்மா! வெளிநாடு எதுக்காவது கூட்டிட்டுப் போறீங்களான்னு கேட்டேன். 'அதைச் சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல'ன்னாரு. ராணுவத்துல ஏதோ பெரிய பதவின்னு நெனச்சு நானும் விட்டுட்டேன்."

மனைவி திரும்பிப் பார்த்தாள். "என்னங்க இது?"

"அப்ப மாற்றல் உத்தரவு வெளியாகல. ரகசியமா வெச்சுக்கச் சொன்னாங்க."

"பூனை டாக்டர்கிட்டயுமா?"

தூசி கொட்டாவி விட்டது.

மறுபடி ஊசி, பிறகு ரத்தப் பரிசோதனை, அதற்கப்புறம் சில மாதம் காத்திருப்பு என்றார் மருத்துவர். திட்டம் மேசைப்பக்கம் குனிந்தார். "தேதியைக் கொஞ்சம் முன்ன பின்ன..."

மருத்துவர் பேனாவை மூடினார். "அங்க மாட்டினா கூண்டுல அடைப்பாங்க சார். உங்களை இல்ல, இவளை."

வீட்டுக்கு வந்ததும் மனைவி பெட்டியிலிருந்து தன் துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள். "நீங்க முன்னாடி போங்க. நானும் அவளும் அப்புறம் வர்றோம்." கோபமில்லை, அழுகையில்லை. துணி எடுத்த இடத்தில் தூசி ஏறிப் படுத்துக்கொண்டது.

திட்டம் யோசித்துப் பார்த்தார். முன்பின் தெரியாத ஊரில், தன் இரண்டாம் கட்டத்தைக் கேட்டுத் தலையாட்ட ஒரு ஜீவன் இல்லாத வீடு. அங்கே எவ்வளவு நேரம்தான் சுவரிடம் பேசுவது? உட்கார்ந்து வெளிநாட்டுக் கிளைத் தலைவருக்கு நீண்ட கடிதம் எழுதினார். தான் இல்லாத மாதங்களில் கிளை எப்படித் தாக்குப்பிடிக்கலாம் என்று ஒரு பின்னிணைப்பும் சேர்த்தார்.

டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. 'பரவாயில்லை. அங்கிருந்தே வேலை பாருங்கள். இங்கே அவசரம் எதுவும் இல்லை. பூனையின் படம் அனுப்புங்கள்.'

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். முகம் மலர்ந்தது. "தங்கமான மனுஷங்க!"

"ஆமாமா" என்றார் திட்டம். 'அவசரம் எதுவும் இல்லை' என்ற வரியைவிட்டு அவர் கண் நகரவில்லை.

செய்தி கேட்டு மச்சினன் போன் செய்தான். "என்ன அத்தான், பேசின பேச்சுக்கு இந்நேரம் அங்க ரெண்டு கிளை திறந்திருக்கணுமே! பார்த்து, பெட்டியைத் திருப்பிக் கேக்கப் போறாங்க."

மறுநாள் மருத்துவர் முதலில் சிப்பைப் படித்து எண்ணைக் குறித்தார். பிறகுதான் ஊசியை எடுத்தார். திட்டம் பூனையைப் பிடித்துக்கொண்டார். தூசி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

"ஏன் சார்," மருத்துவர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார், "வெளிநாடு எதுக்காவது கூட்டிட்டுப் போறீங்களா?"

திட்டம் பழக்கதோஷத்தில் சுற்றுமுற்றும் பார்த்தார். மனைவி தொண்டையைச் செருமினாள். உடனே நாடு, நகரம், தெரு, எத்தனையாவது மாடி, பூனைக்கு எந்த ஜன்னலில் வெயில் வரும் என்பதுவரை, வெளியே காத்திருந்த நாய்களுக்கும் கேட்கும்படி ஒப்பித்தார்.