ஆறாம் தட்டு மாவுருண்டை

நேமத்தான்பட்டியிலிருந்து காரைக்குடிக்கு வரும் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டால் சோணையம்மாளுக்குக் கண் சொருகிவிடும். மடியில் பலகாரப் பை, காலடியில் பிஸ்கட் பெட்டி, தலை ஜன்னல் கம்பியில். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவளுக்கு ஒரு முழுக் கனவு வந்து போகும். அதுவும் தினம் ஒரே கனவு.

கனவில் ஒரு கோயில் மண்டபம். காது குத்த வந்த பத்தர் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். மண்டபத்தின் நடுவில், மாலை போட்டு, சந்தனம் பூசி, அவள் தினம் சரக்கு அடுக்குகிற தின்பண்ட மெஷின் நிற்கிறது. கண்ணாடிக்குப் பின்னால், பிஸ்கட்டுக்கும் சிப்ஸுக்கும் இடையில் அவள் மகள் ப்ரியா ஒரு வயதுப் பிள்ளையாக உட்கார்ந்து சிரிக்கிறாள். வெளியே அவள் அண்ணன் சத்தியமூர்த்தி சீர்த்தட்டோடு நின்று பொத்தானை அழுத்துகிறான். சுருள் கம்பி சுற்றுகிறது, மறுபடி சுற்றுகிறது, பிள்ளை மட்டும் வந்தபாடில்லை. சோணையம்மாள் வாயைத் திறக்கிறாள். சத்தம் வரவில்லை. அதற்குள் கண்டக்டர் "எறங்கும்மா, ஸ்டாண்டு வந்துருச்சு" என்று எழுப்பிவிடுவார்.

கனவுக்கு இத்தனை ஜோடனை உண்டு. நடந்ததற்கு ஒரு ஜோடனையும் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ப்ரியாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அந்த மடிக்குச் சொந்தக்காரன் சத்தியமூர்த்தி. அப்போது அவனுக்குச் சிவகங்கையில் வேலை. வந்த பேருந்து திருப்பத்தூருக்கு முன்னால் டயர் வெடித்து நின்றது, போனும் செத்துப்போனது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று சோணையம்மாளின் புருஷன் வீட்டார் பறந்தார்கள். புருஷனுடைய சித்தப்பா மகன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் காரியத்தை முடித்துவிட்டார்கள். பிள்ளையின் அழுகை ஓயும் முன்னே சத்தியமூர்த்தி வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றான். பத்தே பத்து நிமிஷம் பிந்திவிட்டது.

அவன் தட்டை இறக்கி வைத்தான். பிள்ளையின் காதைப் பார்த்தான். பிறகு தங்கச்சியைப் பார்த்து, "இனிமே ஒன் கையால பச்சத்தண்ணி குடிச்சா நான் மனுசன் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"பொறுங்க, எங்கண்ணன் வரட்டும்" என்று அவள் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. புருஷன் வீட்டாருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றாள். அந்த வாயை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் வரும். எத்தனையோ பேர் சமாதானம் பேசிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். சத்தியமூர்த்தி சின்ன வயதில் ஒரு ஜோடிச் செருப்புக்காக மூன்று நாள் பள்ளிக்கூடம் போகாமல் கட்டிலுக்கடியில் படுத்திருந்த ஆள். அவனிடம் யார் பேசி ஜெயிப்பது?

மெஷின் வேலை கிடைத்தது அன்வர் சாதிக் பாயிடம். பாய் துபாயில் பதினாலு வருஷம் இருந்தவர். அங்கே பார்த்ததை இங்கே கொண்டுவந்து மூன்று இடத்தில் நிறுத்தினார். ஒன்று ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில். புடவை எடுக்க வந்தவர்களின் புருஷன்மார்தான் அங்கே வாடிக்கை. பசி பாதி, சும்மா உட்கார்ந்திருக்கிற கொடுமை பாதி. இன்னொன்று பெண்கள் பள்ளிக்கூடத்தில். பேனா, ரப்பர், ஜியாமெட்ரி பாக்ஸ், ஓரத்தில் நாப்கின். பரீட்சை நாளென்றால் மணி ஒன்பதுக்குள் பேனா வரிசை துடைத்துவிட்டது போல் ஆகிவிடும். மூன்றாவது கல்லூரிச் சாலையில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தின் முதல் மாடியில். அங்கேதான் இப்போது சத்தியமூர்த்திக்கு மேஜை.

பாயிடம் கெஞ்சி அந்த மூன்றாவது மெஷினில் மட்டும் ஒரு வரிசை வாங்கினாள், தன் வீட்டுப் பலகாரத்துக்கு. என்ன பலகாரம் என்று யோசிக்கவே இல்லை. மாவுருண்டை. பாசிப்பருப்பை வறுத்துத் திரித்து, சீனிப்பொடி சேர்த்து, உருக்கிய நெய்யை ஊற்றிச் சூட்டோடு சூடாகப் பிடிப்பது. அண்ணனுக்கு அது இருந்தால் சோறு வேண்டாம். முதல் நாள் இரண்டாம் தட்டில் வைத்தாள். அத்தனை உயரத்திலிருந்து விழுந்ததில் உருண்டை மறுபடி மாவாகிவிட்டது. அதிலிருந்து அடியிலிருக்கும் ஆறாம் தட்டுதான். பொட்டலத்தில் அவள் பேர் கிடையாது. 'வீட்டுப் பலகாரம்' என்று மட்டும் இருக்கும்.

அவளுக்கு வலது கைச் சுண்டுவிரல் கோணல். சின்னப் பிள்ளையில் கதவிடுக்கில் மாட்டியது. அதனால் அவள் பிடிக்கிற உருண்டையெல்லாம் ஒரு பக்கம் லேசாகப் பள்ளம் விழுந்திருக்கும். "உருண்டைன்னா உருண்டையா இருக்க வேணாமா?" என்று பாயின் மனைவி ரிஹானா அதை எடுத்துப் பார்த்துச் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே நாலைத் தின்றும் விடுவாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். பாய் தன் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "தங்கச்சி, ஒரு ஆளு தெனம் மூணு பத்துக்கு ஒங்க உருண்டைய வாங்குறாரு. சத்தியமூர்த்தின்னு காட்டுது. தெரிஞ்சவுகளா?"

"தெரிஞ்சவுகதான் பாய்" என்றாள்.

அன்றைக்கெல்லாம் கால் தரையில் பாவவில்லை. பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன் என்றவன் தினம் ஒரு பொட்டலம் தின்கிறான். ஆனால் சந்தோஷத்துக்குள் ஒரு நெருஞ்சி முள்ளும் இருந்தது. அவனுக்குத் தெரியாமல் அவன் வாக்கை உடைக்கிறோமே என்று குத்தியது. மெஷினுக்கு ஏது கை, அவன் தன் கையால் எடுத்துத் தன் வாயில் போடுகிறான் என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடுவாள். பருப்பை வறுக்கும்போது அந்த வாதம் நிற்காது. அவனுக்குத் தெரிந்துவிட்டால் இதுவும் போய்விடும் என்ற பயம் வேறு. காலையில் பத்து மணிக்கு, அவன் உள்ளே மேஜையில் இருக்கிற நேரமாகப் பார்த்துச் சரக்கை அடுக்கிவிட்டுத் திருடியைப் போல் இறங்கிவிடுவாள். மாதங்கள் இப்படியே ஓடின.

ஒரு சித்திரை மாத வெள்ளிக்கிழமை, வாட்ச்மேன் முத்துவேல் சாதாரணமாகச் சொன்னார்: "நாளையிலேருந்து ஒரு பொட்டலம் கம்மியா வையிங்கம்மா. நம்ம சத்தியமூர்த்தி சாருக்கு ஓசூருக்கு மாத்தல். இன்னியோட கணக்கு முடியுது."

அவள் சரக்கை அடுக்கி முடித்தாள். படி இறங்கவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம் இரண்டும் அன்றைக்குக் காத்திருக்கட்டும்.

மத்தியானத்துக்கு மேல் வானம் மூடிக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அசையாமல் நின்றது. மண் வாசனை வந்தது, மழை வரவில்லை. கூடத்தில் இருள் கூடக் கூட மெஷினின் நீல வெளிச்சம் தரையில் நீண்டு அவள் கால்வரைக்கும் வந்துவிட்டது. உள்ளிருந்து வரும் மெல்லிய ரீங்காரம் தாலாட்டுவது போலிருந்தது. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது, பிஸ்கட்டுக்கும் சிப்ஸுக்கும் நடுவில். பேருந்தில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறோமோ, கண்டக்டர் வந்து எழுப்பிவிடுவாரோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. யாரும் எழுப்பவில்லை.

மூணு பத்துக்குக் கதவு திறந்தது. சத்தியமூர்த்தி போனைப் பார்த்துக்கொண்டே வந்தான். நாலு எட்டு வைத்த பிறகுதான் அவளைப் பார்த்தான். காதோரம் நரைத்திருந்தது. இது எப்போது? அவன் திரும்பிப் போகவில்லை, பேசவும் இல்லை. போனை நீட்டிப் பணம் கட்டினான், பொத்தானை அழுத்தினான். ஆறாம் தட்டில் சுருள் சுற்றியது. பொட்டலம் விளிம்புவரைக்கும் வந்து, ஒரு மூலை கம்பியில் மாட்டி, அப்படியே தொங்கியது.

அவள் எழுந்தாள். வாயைத் திறந்தாள். இந்தத் தடவை சத்தம் வந்தது.

"அண்ணே, அது நான் பிடிச்ச உருண்டை. ஏழு மாசமா நீங்க தின்னது பூராம் நான் செஞ்சதுதேன். சொல்லாம வச்சது தப்பு. அன்னைக்கும் நான் வாயத் தொறக்காம நின்னேன், அதுவும் தப்பு. வேணாம்னா விட்ருங்க, பணம் தானா திரும்பிரும்."

சின்ன வயதில் 'வாடா போடா' என்று கூப்பிட்டு அம்மாவிடம் அடி வாங்கியவள். இன்றைக்கு இந்த 'நீங்க' எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

சத்தியமூர்த்தி தொங்குகிற பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏழு இல்ல, எட்டு" என்றான். "ஆடிப்பெருக்குக்கு மறுவாரம் ஆரம்பிச்ச."

"தெரியுமாண்ணே?"

"ஒரு பக்கம் பள்ளம் விழுந்த உருண்டைய இந்த ஊருல வேற யாரு பிடிக்கிறா? அந்த வெரல்ல கதவச் சாத்துனவன் நானு. எனக்குத் தெரியாதா?"

அவள் சாவியைப் போட்டு மெஷின் கதவைத் திறந்தாள். பொட்டலத்தை எடுத்து நீட்ட ஒரு நொடி ஆகாது. கை அதை நோக்கிப் போகவும் செய்தது. ஆனால் அவன் வாக்கு அவனோடு இருக்கட்டும் என்று தோன்றியது. விரலால் லேசாகத் தள்ளிவிட்டாள். பொட்டலம் கீழே விழுந்தது. கதவைப் பூட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

சத்தியமூர்த்தி குனிந்து எடுத்தான். நாற்காலியில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, ஒரு உருண்டையை முழுசாக வாயில் போட்டான். சின்ன வயதிலும் அப்படித்தான், கடித்துத் தின்கிற பழக்கமே கிடையாது. மாவுருண்டை அதற்கெல்லாம் மசிகிற பண்டமா? மாவு தொண்டையை அடைத்தது. கண்ணில் நீர் வந்தது. விக்கல் எடுத்தது.

"அங்குட்டுத் தண்ணி இருக்குண்ணே" என்று அவள் பதறிக் கையைக் காட்டினாள். அலுவலகத்துத் தண்ணீர் கேன் நாலடி தூரத்தில், மேலே கவிழ்த்த டம்ளரோடு இருந்தது.

அவன் தலையாட்டினான். அது தெரியாமலா இருப்பான். எழுந்திருக்கவில்லை. அவள் பையில் தலை நீட்டிக்கொண்டிருந்த தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்துக் கையை நீட்டினான். விக்கலுக்கு நடுவே, "அதக் குடு" என்றான்.

அவள் மூடியைத் திறந்து கொடுத்தாள். அவன் அண்ணாந்து குடித்தான். பாதி வாயிலும் பாதி சட்டையிலுமாகப் போனது. பாட்டில் காலியாகும்வரை நிறுத்தவில்லை. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"மனுசன் இல்லன்னு சொன்னேன்ல" என்று அவன் வாயைத் துடைத்தான். "சரி, இல்லாமலே இருந்துட்டுப் போறேன்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. வெளியே சொட்டுச் சொட்டாக மழை விழத் தொடங்கியிருந்தது. அவன் காலிப் பாட்டிலை மூடி, திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"சாயங்காலம் வீட்டுல இருப்பாளா?"

"ப்ரியாவா? இருப்பாண்ணே."

"எம்புட்டு ஒசரம் இருக்கா?"

சோணையம்மாள் மெஷின் கண்ணாடியில் மூணாம் தட்டுக்கு நேராக விரலை வைத்துக் காட்டினாள். சத்தியமூர்த்தி அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் மடியைக் குனிந்து பார்த்து, சிந்தியிருந்த மாவைத் தட்டிவிட்டான்.

"அம்புட்டுத்தான. இன்னும் மடியில ஒக்காரலாம்" என்றான்.