கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள்

அரையாண்டுத் தேர்வில் வேதியியலும் கணக்கும் ஜெஸ்லினைக் கவிழ்த்துவிட்டன. பள்ளித் தாளாளர் அவள் அம்மா ரெபேக்காளை வரச்சொல்லி, நிற்கவைத்தே பேசினார்.

"நம்ம ஸ்கூல்ல பிளஸ் டூல ஒருத்தரும் பெயிலானது கெடயாது. டி.சி.ய வாங்கிட்டுப் போயிருங்க, அடுத்த வருசம் தனியா எழுதட்டும். இல்லன்னா வெள்ளிக்கிழமை மோட்டிவேஷன் புரோகிராம் இருக்கு. அப்பா அம்மா ரெண்டு பேரும் வரணும். பிள்ள மாறுதாளான்னு பாப்போம்."

மாறுவது என்றால் அழுவது. பள்ளியில் எல்லாருக்கும் இது தெரியும். போன வருடம் அழாமல் உட்கார்ந்திருந்த ஒருவன் பொங்கலுக்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. இப்போது பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறான்.

"அப்பா செத்துட்டாருன்னு சொல்லிருவோம்" என்றாள் ரெபேக்காள் வீட்டுக்கு வந்ததும்.

"ஆறாங்கிளாஸ் அட்மிஷன்லயே அவரு போன் நம்பரத்தானம்மா குடுத்திருக்கு. கூப்ட்டுப் பாத்துருவாங்க."

"அப்ப டி.சி.ய வாங்கிக்க. அந்த ஆளு மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்."

அப்பா பவுல்பாண்டியன் ரெபேக்காளின் மணிக்கட்டை உடைத்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மகளிர் காவல் நிலையத்தில், இனி வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கடையநல்லூரில் அக்கா வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் அது திறந்தபடி இருந்தது. சுழியத்தில் கிடந்த ஜெஸ்லின் முட்டி மோதி முப்பது மார்க் வரை வந்திருந்தாள். அதே அமைதி மார்ச் வரை கிடைத்தால் கரையேறிவிடலாம். ஆனால் அதற்குப் பள்ளியில் இடம் இருக்க வேண்டுமே.

அம்மா தறிக்கு வேலைக்குப் போன நேரம் பார்த்து அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள். "ஒரு நாளைக்கு வந்துட்டுப் போயிருங்கப்பா" என்றாள். "வாரேன் மக்கா" என்றார் அவர். அம்மாவிடம், நீ மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அரங்கின் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு விளக்குகளையும் அணைத்தார்கள். மதுரையிலிருந்து வந்திருந்த பேச்சாளர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். பின்னால் வயலின் அழுதது.

"கண்ணை மூடி நினைச்சுப் பாருங்க. உங்க அப்பா காலையில வேலைக்குப் போனாரு. உங்களுக்குப் போன் வருது. ஓடிப் போறீங்க. வெள்ளைத் துணி போத்தியிருக்கு. துணியை விலக்குறீங்க. அப்பா!"

முதலில் காவியாதான் வெடித்தாள். வகுப்பிலேயே முதல் மார்க். அழுகையிலும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு வரிசை வரிசையாக விம்மல் கிளம்பியது. ஜெஸ்லினும் அழத்தான் கண்ணை மூடினாள். வெள்ளைத் துணி தெரிந்தது. துணியை விலக்கினாள். அப்பாதான். அப்புறம் அவள் நினைக்காமலேயே வீடு தெரிந்தது. கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது, தாழ்ப்பாள் போடவேண்டிய தேவையே இல்லை. அம்மா உள்ளே ஏதோ பாடிக்கொண்டு மீன் கழுவுகிறாள். ஜெஸ்லினின் முகம் தளர்ந்தது. உதடு தானாக விரிந்தது.

வேதியியல் எடுக்கும் ராஜேஸ்வரி டீச்சரின் டார்ச் வெளிச்சம் அதன்மேல் விழுந்தது.

"சார், இங்க ஒருத்தி சிரிக்கா!"

மேடையில் ஏற்றினார்கள். விளக்கைப் போட்டார்கள். பேச்சாளர் அவள் தோளைப் பிடித்து அரங்கைப் பார்க்கத் திருப்பினார்.

"அப்பா செத்துக் கிடக்காரு. நீ சிரிக்கிற. உனக்கு நெஞ்சா, கல்லாம்மா?"

பெற்றோர் வரிசையிலிருந்து பவுல்பாண்டியன் எழுந்து ஓடி வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. கண் நிறையத் தண்ணீர்.

"எம்பிள்ளய ஒண்ணும் சொல்லாதீய சார். தப்பு பூராவும் எம்மேலதான்!"

அவர் நடிக்கவில்லை. ஜெஸ்லினுக்கு அதுதான் பயமாக இருந்தது.

பேச்சாளருக்குத் தேடியது கிடைத்துவிட்டது. நாற்காலி வந்தது, தாம்பாளம் வந்தது, செம்பில் தண்ணீர் வந்தது. "அப்பாவுக்குப் பாத பூஜை பண்ணும்மா" என்றார்.

கீழேயிருந்து ரெபேக்காள் எழுந்தாள். "சார், நாங்க வேதக்காரங்க. பூஜையெல்லாம் பண்ண மாட்டோம்."

தாளாளர் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார். "இயேசுவே சீஷருக காலக் கழுவுனாருல்லாம்மா? பூஜைன்னு சொல்லாண்டாம். கழுவுனாப் போதும்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ரெபேக்காளுக்கு உட்காருவதைத் தவிர வழியில்லை.

ஜெஸ்லின் மண்டியிட்டுத் தண்ணீரை ஊற்றினாள். அந்தக் கால் அம்மாவின்மேல் எங்கெல்லாம் பட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். குதிகாலைத் தேய்த்தாள், விரலிடுக்கைத் தேய்த்தாள். ராஜேஸ்வரி டீச்சர் குனிந்து, "அழுதுருட்டி, தாளாளர் பாக்காரு" என்று முணுமுணுத்தாள். ஜெஸ்லினின் கண்ணில் பொட்டு ஈரம் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம்தான், முடிந்ததும் அப்பா கடையநல்லூர் பஸ் ஏறிவிடுவார் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

பவுல்பாண்டியன் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"எல்லாரும் சாட்சி. இந்த நிமிசத்துலருந்து எம்பிள்ளய விட்டுப் பிரிய மாட்டேன். இன்னைக்கே வீட்டுக்கு வாரேன். பக்கத்துலயே இருந்து படிக்க வைக்கேன்."

அரங்கமே எழுந்து நின்று தட்டியது. ஜெஸ்லின் அம்மாவைத் தேடினாள். நிற்கிறவர்களுக்கு நடுவில் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். உடைந்து கூடிய மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஜெஸ்லின் அழுதாள். தாம்பாளத்தின்மேல் கவிழ்ந்து, மூச்சு முட்ட அழுதாள். பேச்சாளர் அவள் தலையில் கை வைத்தார். "பாத்தீங்களா? கல்லு கரைஞ்சிருச்சு!"

"மாறிட்டா" என்றார் தாளாளர். "பிள்ளைக்கு இனி டி.சி. கெடயாது. நம்ம ஸ்கூல்லயே எழுதட்டும்."

வெளியே வாசலில், ஜெஸ்லினோடு படிக்கும் நூருல் ஹுதாவின் அம்மா ரெபேக்காளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ குடுத்து வச்சவ. ஒரே நாள்ல புருசனும் வந்தாச்சு, பிள்ளயும் திருந்தியாச்சு." ரெபேக்காள் தலையை ஆட்டினாள்.

பவுல்பாண்டியன் படியிறங்கி வந்தார். முகம் இன்னும் மலர்ந்திருந்தது. தாளாளரும் டீச்சர்களும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையை நீட்டினார்.

"வீட்டுச் சாவியக் கொண்டா."

அத்தனை பேருக்கு முன்னால் ரெபேக்காள் இடுப்பிலிருந்து சாவியை உருவிக் கொடுத்தாள். அவர் முன்னால் நடந்தார்.

"ஏட்டி, நீயா கூப்ட்ட?" என்று ரெபேக்காள் மகளைக் கேட்டாள்.

ஜெஸ்லின் முன்னால் போகிற வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள்.

"ஸ்கூல்ல எடம் கெடச்சிட்டுல்லா" என்றாள் ரெபேக்காள். "போ. போயிப் படி."