மூன்றாம் பாகத்துக் கதாநாயகன்

ஆம்ப்ரோஸ் லண்டனில் கெட்டு, திருந்தி ஊர் திரும்பியபோது தெருவே அவனுக்கு வாத்துக்கறி சமைத்தது. எதிர்வீட்டு ஹெப்சிபா கெடவும் இல்லை, திருந்தவும் இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு நிறையப் பிள்ளைகளை மேய்த்துக்கொண்டே படித்து, ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரியில் இடம் வாங்கியிருந்தாள். அதற்கு யாரும் ஒரு முட்டைகூட அவிக்கவில்லை.

விருந்துக்கு மறுநாள் காலை அவள் கல்லூரிக்குக் குதிரைவண்டி ஏறவேண்டும். கல்யாணம் நிச்சயமான பெண்ணைக் கல்லூரி சேர்க்காது. ஆம்ப்ரோஸுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? இரவல் நூலகத்தின் மூன்று பாக நாவல்களை விழுங்கி வளர்ந்தவன். முதல் பாகத்தில் பையன் வீட்டைவிட்டுக் கிளம்புவான், இரண்டாவதில் சீரழிவான், மூன்றாவதில் தனக்காகக் காத்திருந்தவளைக் கட்டிக்கொள்வான். காத்திருப்பது அவள் வேலை.

சாயங்காலமே வந்துவிட்டான். ஹெப்சிபாவின் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"ஹெப்சி, லண்டன்ல நான் படாத பாடில்ல. ஒரு நடிகை என்னைக் கைவிட்டுட்டா."

"அவளுக்காவது புத்தி வந்துச்சே."

"கிண்டல் பண்ணாத. நான் ஊரைவிட்டுப் போனப்ப உன் ஜன்னல்ல விளக்கு எரிஞ்சுது. நேத்து ராத்திரி திரும்பி வந்தப்பவும் எரிஞ்சுது. இத்தனை வருஷமா எனக்காக ஏத்தி வெச்சிருக்கே!"

"பகலெல்லாம் பள்ளிக்கூடம். படிக்க வேற நேரம் ஏது? கணக்குப் போட்டுட்டு இருந்தேன்டா."

"அடியே, வாயை மூடு!" என்றாள் அம்மா. "தம்பி எவ்வளவு நொந்து வந்திருக்கு! காலேஜ் எங்க ஓடிடப்போகுது?"

"ஓடிடும்மா. நான் போகலேன்னா என் இடத்துல வேறொருத்தி."

ஆம்ப்ரோஸ் மண்டியிட்டான். "என்னை மனுஷனாக்க உன்னாலதான் முடியும்."

"எழுந்திரு. என் வகுப்புல உன்னைவிடச் சின்னதுங்களே மூக்கைத் தானா சிந்தக் கத்துக்கிச்சுங்க."

காலையில் அவன் வெளுத்த முகத்தோடு விடைகொடுக்க வந்து நின்றான். அவள் டிரங்குப் பெட்டியைக் காட்டினாள்.

"சோகத்தை அப்புறம் பாத்துக்கலாம். இதைத் தூக்கு."

வண்டிக்குப் போவதற்குள் அவன் பெட்டியை நாலு தடவை கீழே வைத்தான். வண்டி நகர்ந்ததும் ரொட்டிக்கடைக்காரி அவன் தோளை அணைத்துக்கொண்டது ஹெப்சிபாவுக்குத் தெரிந்தது.

"பாவம் பிள்ளை! பட்டது பத்தாதுன்னு இதையும் தாங்கணுமே. உள்ள வா கண்ணு, சூடா கறி அடைச்ச ரொட்டி இருக்கு."

முதுகைப் பிடித்துக்கொண்டு அவன் உள்ளே போனான். ஹெப்சிபா பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். மேட்டுப் பாதை, விட்டால் விழுந்துவிடும்.